யாரோட வலது?

"ஆன்ட்டி, உங்க கழுத்துல யாரு கிறுக்குனது?" என்று ஒரு வாண்டு கேட்டதும் பள்ளிக்கூட வேனே கொல்லென்று சிரித்தது.

பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, "எங்க வீட்டுப் பெரிய பிள்ளைதான்," என்றாள். பொய்யில்லை. கட்டின புருஷன் கிறுக்கியதுதான். சாயங்காலம் அவரிடம் சொன்னால், "அழிச்சா போகுது, இதுக்கா மூஞ்சியத் தூக்குற?" என்றார்.

அவரைத் தெருவே டிரைவர் என்றுதான் கூப்பிடும். ஆம்புலன்ஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு போய்விட்டது. இறந்த உடலைக் கெடாமல் பதப்படுத்துகிற படிப்பில் தேறினால் பிணவறையில் வேலை, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கத்தி பிடித்தால் கை நடுங்காது. ஆனால் வாய்மொழித் தேர்வில் பெயர் கேட்டால் "அந்தக் குழாய், இந்தக் குழாய்" என்பார். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவைதான் கடைசி. தவறினால் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடவேண்டும். அந்தச் சம்பளம் எதற்குக் காணும்?

அதனால் சாயங்காலமானால் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பாடம். அவள் கேட்பாள். அவர் அவள் கழுத்தில் பேனாவால் கோடு போட்டுச் சொல்வார்.

"மருந்து எது வழியா ஏத்தணும்?"

"தமனி வழியா."

"ரத்தம் எது வழியா வடியணும்?"

"சிரை வழியா. கழுத்தடியில காறை எலும்புக்கு மேல கீறணும். தமனியத் தனியா எடுத்து அடியில நூல் கோக்கணும். அப்புறம்தான் குழல் சொருகணும்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். அந்தப் பக்கத்துச் சிரைதான் இதயத்துக்கு நேரா இறங்குது, ரத்தம் சுலபமா வடியும்," என்று டக்கென்று ஒரு பக்கம் கோடு இழுப்பார்.

ஒருநாள் புத்தகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம். "ஏங்க, படத்துல வலதுன்னு போட்டது இந்தப் பக்கமில்ல இருக்கு?"

"அச்சடிச்சவன் தூங்கிட்டே அடிச்சிருப்பான். நீ கேள்விய மட்டும் கேளு," என்று சொல்லி, கல்லூரி நூலகத்துப் புத்தகத்தில் வலது, இடது எல்லாவற்றையும் பென்சிலால் அடித்து மாற்றி எழுதினார் மகராசன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்! அவளும் நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டாள்.

பரீட்சை அன்று லீவு போட்டுக் கூடவே போனாள். காலையில் நின்ற கோலத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்து ஒத்திகை, மத்தியானம் நிஜத் தேர்வு. ஒத்திகை முடிந்து வெளியே வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது.

"பேரெல்லாம் சரியாம். ஆனா கழுத்து, அக்குள், தொடை, ஒண்ணு விடாம பக்கம் மாத்திக் காட்டுறேனாம். எல்லாம் உன்னாலதான். தப்புத்தப்பா சொல்லிக்குடுத்திருக்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பென்சில் கிறுக்கல் புத்தகத்தைப் புரட்டினாள். படத்தில் இருந்த ஆள் அவளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று எழுந்து புருஷன் எதிரே நின்று ஒரு கையைத் தூக்கினாள்.

"இது எந்தக் கை?"

"இடது."

"இந்தக் கையாலதான் இத்தனை வருஷமா உங்களுக்குச் சோறு போடுறேன். இடது கையாலயா போட்டேன்? உங்களுக்கு எதிர்ல நின்னா என் வலது கை இடதாயிடுமா? புத்தகம் படுத்திருக்கிறவங்களோட வலதைச் சொல்லுதுங்க! செத்தவங்களுக்காவது அவங்க பக்கத்த அவங்ககிட்டயே விடுங்களேன்!"

தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. டிரைவர் தன் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மத்தியானத் தேர்வுக்கு உள்ளே போனார்.

கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. இந்த மனுஷன் உள்ளே போய் மறுபடி தன் பிடியிலேயே நிற்பார் என்று நினைத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கதவு திறந்தது.

"பாஸ்," என்றார் டிரைவர். "மேசையில ஒரு பெரியவரைப் படுக்க வச்சிருந்தாங்க. நான் கால்மாட்டுல நின்னேன். வலது கழுத்துத் தமனியக் காட்டுன்னதும் பழைய புத்தியில கை தப்பான பக்கமே போச்சு. நிறுத்திட்டேன். அவர் இடத்துல நானே மல்லாந்து கெடக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். என் வலது எங்க இருக்குன்னு பார்த்தேன். அப்புறம்தான் தொட்டேன்."

அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். வேலை கிடைத்துவிட்டது, வீடு தப்பித்தது என்ற அழுகைதான். ஆனால் அழ அழக் கோபம்தான் ஏறியது.

"எதுக்குடி இப்ப அழுவுற? அதான் பாஸாயிட்டேனே?"

"யாருன்னே தெரியாத பொணத்தோட இடத்துல உங்களால படுத்துப் பார்க்க முடியுது," என்றாள். "என் இடத்துல ஒரு நாளாவது இருந்து பார்த்திருக்கீங்களா? நானும் செத்து அந்த மேசைக்கு வந்தாத்தான் பார்ப்பீங்களா?"