கோச்சடையில் கிடைக்காத கையெழுத்து

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு மதுரைச் சந்திப்பில் இறங்கினேன். தோள்பையில் ஒரு மாற்றுப் புடவையும், கையெழுத்து வாங்குவதற்கான தாள்களும் இருந்தன.

பதினோரு ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதிப் பிழைக்கிறேன். இப்போது எழுதும் தொடர் மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. படமாவதெல்லாம் சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலை ஓரத்தில். மாலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த அந்தத் தொடரை நிறுத்திவிட்டு, இந்தியிலிருந்து குரல் மாற்றிப் பிற்பகலில் வரும் தொடர் ஒன்றை அங்கே மாற்றப்போவதாகச் சேனலில் பேச்சு அடிபட்டது. எங்களில் பலருக்கும் இதே நிலைமைதான். தமிழில் எழுதி எடுக்கும் தொடர்களுக்கு அரசு உதவி வேண்டும், மொழிமாற்றுத் தொடர்களுக்கு நேர வரம்பு வேண்டும் என்று மனுக் கொடுக்க எழுத்தாளர் சங்கத்தில் முடிவாயிற்று. மக்களிடம் கையெழுத்து வாங்க ஆளுக்கு ஒரு ஊர். எனக்கு மதுரை. என் கதை நடக்கும் ஊராயிற்றே என்றார் செயலாளர். அதற்குமுன் நான் மதுரைக்கு வந்ததே இரண்டு முறைதான், இரண்டும் கல்யாணத்துக்கு.

ரயிலடியிலிருந்து ஆனையூருக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார், இருநூற்றுக்கு இறங்கினார். கல்லூரித் தோழி தனலட்சுமியின் வீடு அங்கே. குடியிருப்புப் பெண்களைப் பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தாள். கேசரியும் காபியும் நடந்தன. ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு கையெழுத்து. நான் ஊரிலிருந்து ஒத்திகை பார்த்துவந்த பேச்சைப் பாதிகூடச் சொல்லவில்லை. தமிழ் நாடகம் இருக்கணும்ல என்று சொல்லியபடி எல்லோரும் போட்டுக்கொடுத்தார்கள்.

ஆனால் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் மொழிமாற்றுத் தொடர். பேனாவை வாங்கிய கை தாளில் இருக்க, கண் அங்கேயே இருந்தது. கதாநாயகியின் தாலி கோயிலில் தொலைந்துபோயிருந்தது. கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியும்வரை யாரும் எழுந்து போகவில்லை. கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் என் தொடர் எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரித்தார். ஏழு மணி என்றேன். அந்த நேரம் பிள்ளைகளுக்கு டியூஷன் என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து திருவாதவூர் பேருந்து. ஒத்தக்கடை தாண்டியதும் இரு பக்கமும் வயல். தனலட்சுமியின் சித்தி மகள் பாண்டியம்மாள் நிறுத்தத்தில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், இரண்டு ஏக்கரில் நெல் போடுகிறார். களையெடுப்பு முடித்துக் கரையேறிய பெண்களிடம் என்னைக் கூட்டிப்போனார். என் தொடரின் பெயரைச் சொன்னதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

என்ன என்று கேட்டேன். பாண்டியம்மாள்தான் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க நாடகத்துல திங்கக்கெழம நடவு நட்டாக. புதன்கெழம அதே வயல்ல கதிரு முத்தி நிக்குது. நாங்க அம்புட்டுப் பேரும் அன்னைக்கிச் சோறு திங்காம சிரிச்சோம்."

அந்தக் காட்சிகள் எனக்கு நினைவிருந்தன. இரண்டுக்கும் தாளில் 'வயல், பகல்' என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தப் பருவம் என்று இயக்குநர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அப்படியானால் மொழிமாற்றுத் தொடர் பார்ப்பதில்லையா, அதில் தப்பே இல்லையா என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் ரோஷம் இருந்திருக்க வேண்டும்.

"அதுல கோதும வயலு வருது. கோதும எப்ப நடுவாக, எப்ப அறுப்பாகன்னு எனக்கென்ன தெரியும்? தெரியாததுனால நிம்மதியாப் பாக்குறேன்."

அவரும் கையெழுத்துப் போட்டார். கூட இருந்த பதினாறு பேரும் போட்டார்கள். சிரித்தவர்கள் எதற்குப் போடுகிறார்கள் என்று கேட்டதற்கு, எங்களை வைத்து எழுத வேறு யார் வரப்போகிறார்கள், நீங்களாவது சரியாகக் கேட்டு எழுதுங்கள் என்றார் பாண்டியம்மாள். வீட்டுக்குக் கூட்டிப்போய் நாற்றங்கால் முதல் அறுப்புவரை நாள்கணக்குச் சொன்னார். மனுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றுக்குக் கோச்சடை. பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். கோச்சடை எனக்கு முக்கியமான இடம். என் தொடருக்கு வந்த கடிதங்களிலேயே நீளமானவை அங்கிருந்து வந்தவை. எழுதியவர் மெகருன்னிசா. சொந்தமாகத் தையல் கடை நடத்துபவர். கதையில் யார் பெயரை நான் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிரியாணி சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்றார். முந்நூறாவது பகுதியில் கதாநாயகியின் தங்கை பேசிய வசனத்தை அப்படியே ஒப்பித்தார். தாளை எடுத்து நீட்டினேன். அவர் நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இதுல நான் போடமுடியாதும்மா. எம் மக ரிஸ்வானா மெட்ராஸ்ல டப்பிங் பேசுறா. இந்தி நாடகத்துல கதாநாயகிக்கு அவதான் கொரலு. அத நிறுத்தச் சொல்லி நானே எப்படிக் கையெழுத்துப் போட?"

எந்தத் தொடர் என்று கேட்டேன். ஏழு மணிக்கு மாறப்போகும் அதே தொடர்தான்.

நிறுத்தச் சொல்லவில்லை, வரம்புதான் கேட்கிறோம் என்றேன். வரம்பு வைத்தால் அவளுக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை குறையும் என்று அவர் கேட்டார். இது நம் ஊர்க் கதைக்காக என்றேன். அதற்கு அவர் கோபப்படாமல் சொன்னது: "உங்க கதாநாயகி பெங்களூருப் பொண்ணு. அதுக்கும் யாரோ ஒரு தமிழ்ப் பொண்ணுதானே பேசுது. அதுவும் நம்ம ஊரு, இதுவும் நம்ம ஊரு. நான் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க."

பதினொன்றரைக்கு ரிஸ்வானா பேசும் தொடரின் மறுஒளிபரப்பு. மெகருன்னிசா தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடையிலிருந்த டிவி முன் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். நடிகையின் முகம் தெரிந்தால் மகள் மறைந்துவிடுகிறாள் என்றார். கதாநாயகி மாமியாரிடம் அழுதபோது இவர் கன்னத்திலும் நீர் வழிந்தது. நானும் கண்ணை மூடிப்பார்த்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி மூச்சு விட்டு, விம்மி, வார்த்தையை விழுங்கிப் பேசினாள். வசனம் மோசமானது, வாயசைவுக்காக முறித்துப்போட்டது. அவள் அதைத் தன் குரலால் தூக்கி நிறுத்தினாள். என் வசனத்தை இவள் பேசினால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, இவளுடைய வேலைக்கு எதிராகத்தானே ஊர் ஊராக வந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

பிரியாணி சாப்பிட்டேன். மூன்று மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போடாததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். கையெழுத்துக் கேட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். என் தொடரை நிறுத்தினால் சேனலுக்குத் திட்டி எழுதுவதாகவும் உறுதி சொன்னார்.

வைகைப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் ஓரமாக மட்டும் தண்ணீர் கிடந்தது. சென்னையில் நான் குடியிருக்கும் தெருவில் இரண்டு டப்பிங் கூடங்கள் உண்டு. கறிகாய் வாங்க தினமும் அவற்றைத் தாண்டித்தான் போகிறேன். கதவுக்கு வெளியே செருப்புகள் கிடக்கும். யாருடையவை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதை அறிய நானூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்திருக்கிறது.

திங்கட்கிழமை சங்கத்தில் தாள்களைக் கொடுத்தேன். நாற்பத்தெட்டுக் கையெழுத்து. செயலாளர் பாராட்டினார். மனுக் கொடுக்குமுன் டப்பிங் பேசுகிறவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், வரம்பு வந்தால் அவர்கள் வேலைக்கு என்ன வழி என்பதையும் மனுவில் சேர்க்க வேண்டும் என்றேன். அவர்கள் எதிர்த்தரப்பு ஆயிற்றே என்றார் அவர்.

"எது எந்தத் தரப்புன்னு எனக்கு இப்ப நிச்சயமாத் தெரியல சார்" என்றேன்.

அவர் கூட்டக் குறிப்பேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றியபடி, இதையும் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டார்.

"எழுதிக்கங்க" என்றேன்.