அவருக்குச் சொல்ல வேண்டும்

ஆஸ்பத்திரி லாண்டரியில் விரிப்புகளைத் துவைத்து மடிப்பது அவர் வேலை. ஊருக்கு அவர் லாண்டரி அக்கா. புருஷன் வெல்டர், பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பட்டறையில் அவரை மௌனராசா என்பார்கள். வீட்டிலோ சைகை பேசி அவர் கை ஓயாது. "இந்த மனுஷனுக்கு வாயும் இருந்திருந்தா நாம எல்லாரும் செவிடாயிருப்போம்" என்று அக்கா சிரிப்பார்.

ஒரு நாள் ஆலை வாசலில் கூலி உயர்வு கேட்டுக் கூட்டம் திரண்டிருந்தது. வெல்டர் வேலைக்குப் போகும் வழி அது. கலைந்து போகச் சொல்லி ஒலிபெருக்கி அலறியது. கல் பறந்தது. கூட்டம் ஓடியது, ஒன்றும் புரியாமல் இவர் நின்றார். நின்றவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் ஓர் அதிகாரி கைதுக்கான காரணத்தை உரக்கப் படித்தார். பிறகு தாளை நீட்டினார். வெல்டருக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் தன் பெயர் மட்டும்தான். அதை எழுதிக் கொடுத்தார்.

அக்காவைச் சிறைக்குள் விடவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வெல்டர் பாதியாக இளைத்திருந்தார். முதலில் அவர் கை கேட்டது: 'செத்தது குழந்தையா?'

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் இரும்பு கேட் செய்து மாட்டியிருந்தார். அது விழுந்து யாரோ செத்துவிட்டார்கள், அதனால்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

அங்கிருந்து அக்கா நேராக ஒரு வக்கீலம்மாவிடம் போனார். நடந்ததைக் கேட்ட வக்கீலம்மா அரசியல் சட்டத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். கைது செய்யப்படுகிறவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிற வரி.

"சொன்னோம்னு தானேம்மா அவங்க சொல்றாங்க?"

"அதுதான் சண்டையே. நாடு பிறந்தப்போ இதை எழுத உட்கார்ந்தவங்கள்ல பாதிப் பேர் பழைய ஆட்சியில ஜெயிலுக்குப் போனவங்க. முதல்ல 'காரணம் சொல்லப்பட வேண்டும்'னு மட்டும்தான் எழுதினாங்க. ஒருத்தர் எழுந்து, 'யாருக்கு? சுவத்துக்கா? நான் எதுக்கு உள்ள இருக்கேன்னே தெரியாம இருந்தவன்'னார். அதுக்கப்புறம்தான் 'அவருக்கு'ங்கற வார்த்தை சேர்ந்தது. அந்த விவாதம் அச்சுல இருக்கு. சட்டத்தோட வரி நமக்குத் தெளிவா இல்லைன்னா, அது எந்த வலியில பிறந்ததுன்னு தேடிப் பார்க்கலாம்."

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. விசாரணைக்குக் கொஞ்சம் முன்னால் அரசாங்கம் வெல்டரை விடுவித்தது. ஆள் வீடு சேர்ந்துவிட்டார், இனி வழக்கெதற்கு என்றது. அக்காவின் அண்ணனுக்கும் அதே எண்ணம். "பெரிய இடத்தோட ஏன் மோதணும்? மச்சான்தான் வந்துட்டாரே."

"வந்தது பாதி ஆளுண்ணா. ராத்திரியில எழுந்து உட்கார்ந்து 'கேட், கேட்'னு கையை ஆட்டறாரு. அவங்க செஞ்சது சரியா தப்பான்னு ஒருத்தர் சொல்லட்டும்."

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் நிதானமாகவே வாதாடினார். சட்டம் 'சொல்ல வேண்டும்' என்கிறது, 'புரிய வைக்க வேண்டும்' என்று இல்லை. இல்லாத வார்த்தையைச் சேர்க்க நீதிபதிகளுக்கு அதிகாரம் உண்டா? நியாயமான கேள்விதான். நீதிபதிகள் ஐவரில் இருவர் அதை ஏற்றார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று எழுதினார்கள். மற்ற மூவரும், 'அவருக்கு' என்ற சொல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அவரைப் போய்ச் சேராத காரணம் சொல்லப்படாத காரணமே என்றார்கள். இனிமேல் காது கேளாதவரைக் கைது செய்தால் சைகை தெரிந்த ஒருவரை உடனே அழைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

தீர்ப்பை அக்கா கையால் சொல்லச் சொல்ல, வெல்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் சில ஆண்டுகளே இருந்தார். பட்டறைக்குப் போனார், ஆனால் கேட் வேலையை மட்டும் கடைசி வரை தொடவில்லை.

அவர் போன மறு வருஷம் ஸ்டேஷனிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. திருட்டு வழக்கில் காது கேளாத பெண் ஒருத்தியைப் பிடித்திருந்தார்கள். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார். அதிகாரி சொல்லச் சொல்ல, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சைகையில் சொன்னார்.

அந்தப் பெண் தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். "நான் எடுக்கலைங்கறா. எழுதிக்கோங்க" என்றார் அக்கா.

பிறகு அவள், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். அக்கா அதிகாரியைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். தெரியவில்லை என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, அவளுடைய அம்மா வந்து சேரும்வரை அக்கா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.