தளவாய் அண்ணாச்சியின் மீசையும் ஒரு பூட்டிய கதவும்

தென்காசிக்கும் கடையத்துக்கும் நடுவே ஓடும் மினிபஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகத் தளவாய்தான் டிரைவர். வயது ஐம்பத்தேழு. உயரம் ஐந்தடி நாலரை அங்குலம். உயரத்தை எதற்குச் சொல்ல வேண்டுமென்றால், அவருடைய வாழ்க்கையே அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் போலீஸ், தம்பி பட்டாளம். நடுவில் பிறந்த இவரும் இரண்டு தடவை போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனார். இரண்டு தடவையும் அளவு பார்த்தவர் உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிட்டார். கடைசியில் காக்கிச் சட்டை மட்டும் கிடைத்தது, அதுவும் பஸ் முதலாளி தைத்துக் கொடுத்தது. உயரத்தில் விட்டதை மீசையில் பிடித்துவிடலாம் என்று அன்றைக்கு வளர்க்க ஆரம்பித்தார். "ஆளவிட மீச பெருசால்லா இருக்கு" என்று கல்யாணத்தன்றே மாடத்தி சொன்னாள். தளவாய் அதை இன்றுவரை மறுத்ததில்லை.

பஸ்ஸில் அவருக்கு ஒரு தர்பார் உண்டு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பெட்டி, அதன்மேல் கிழிந்த ரெக்சின் மெத்தை. டிக்கெட் கொடுப்பது கண்டக்டர் வேலை, ஆனால் அந்தப் பெட்டியில் யார் உட்காரலாம் என்பது தளவாயின் தீர்ப்பு. உட்காருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பூக்கார ஆவுடையம்மாள் சாமி படத்துக்கு ஒரு முழம் பூ கொண்டுவருவாள். தையல்கடை நல்லகண்ணு முறுக்குப் பொட்டலம். கடையத்துச் சந்தைக்காரர்கள் வெண்டைக்காயோ கொய்யாவோ. கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் தளவாயின் பேச்சைக் கேட்கலாம். அவர் தலைக்கு நேர்மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்கும். அவரோடு யாரும் பேசுவதில்லையே, அவர்தானே பேசுகிறார் என்று நல்லகண்ணு சொல்வார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேறு எந்த பஸ்ஸில் ஏறினாலும் தளவாய் நேரே முன்னால் போய், "நானும் நம்ம லைன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த டிரைவர் தலையாட்டிப் பெட்டியைக் காட்டுவார். செங்கோட்டை தாண்டி மலையாளத்து பஸ்ஸில்கூட அந்த வார்த்தை செல்லுபடியாகியிருக்கிறது. உலகத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே சாதி என்று தளவாய் மனசார நம்பினார்.

இந்த லட்சணத்தில்தான் சென்னையிலிருந்து மகள் அபி போன் செய்தாள். புது ஃபிளாட்டுக்குப் பால்காய்ப்பு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தூத்துக்குடியிலிருந்து பிளேன் டிக்கெட் எடுத்துவிட்டாளாம். அன்றைக்கு முதல் டிரிப்பிலேயே பெட்டிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

"பிளேன்ல நான் எங்கன உக்காருவேன்னு நெனைக்கிய? டிரைவர் பக்கத்துலதான்" என்றார் தளவாய்.

நல்லகண்ணு முறுக்கை மென்றபடி சொன்னார்: "அதெல்லாம் நடக்காது அண்ணாச்சி. அவன் கதவப் பூட்டிக்கிட்டுல்லா ஓட்டுதான். முன்னெல்லாம் விடுவாங்களாம், இப்ப யாரையும் விடதில்லையாம்."

"யாரையும்னா பேசெஞ்சர. நான் பேசெஞ்சரா வே?"

"அங்க நீங்களும் பேசெஞ்சர்தான்."

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தளவாய்க்குச் சுருக்கென்றது. வாய் அவருடையது, பிரேக் மட்டும் அதில் கிடையாது. "ஏ நல்லகண்ணு, கேட்டுக்கிடும். பிளேன் பறக்கும்போதே உள்ள போயி அந்த டிரைவர்கிட்டப் பேசிட்டு வருவேன். இல்லன்னா இந்த மீசய எடுத்துருதேன்" என்றார். மத்தளம்பாறை வருவதற்குள் முப்பது பேர் சாட்சியாகிவிட்டார்கள்.

அருவி சீசன் நேரம். வெறுங்கையோடு பெட்டியில் உட்காரக் கூடாதே என்று ஐந்தருவிக்குப் போய், சேக் மைதீன் பழக்கடையில் மங்குஸ்தான் ஒரு கிலோ பொறுக்கி வாங்கினார். "யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டவரிடம், "பிளேன் டிரைவருக்கு" என்று சத்தமாகவே சொன்னார்.

தூத்துக்குடியில் முதல் அடி விழுந்தது. அது இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த சின்ன விமானம். பின்வாசல் வழியாக ஏற்றினார்கள். ஆயுசு முழுக்க முன்சீட்டில் இருந்த மனுஷன், மங்குஸ்தான் பையோடு பின்வாசலில் குனிந்து ஏறினார். முன்னால் ஒரு கதவு சாத்தியிருந்தது. ஒலிபெருக்கியில் 'கேப்டன் ஸ்வர்ணா' என்று ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். விமானம் மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்ததும் தளவாய் மங்குஸ்தான் பையோடு எழுந்தார்.

"சும்மா இருங்க" என்று மாடத்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கசங்கியதுதான் மிச்சம்.

பாதி வழியில் பணிப்பெண் மறித்தாள். "டாய்லெட் பின்னாடி இருக்கு சார்."

"அதுக்கில்லம்மா. முன்னால டிரைவரப் பாக்கணும். நானும் நம்ம லைன்தான்."

"சார், பறக்கும்போது காக்பிட்டுக்குள்ள பயணிகள் யாருக்கும் அனுமதி இல்ல. கேப்டனே நினைச்சாலும் விட முடியாது."

தளவாய் சட்டைப்பையில் கையை விட்டு லைசென்ஸை எடுத்து நீட்டினார். "ஹெவி. பேட்ஜ் இருக்கு. பாத்துக்கிடும்மா."

அந்தப் பெண் அதை வாங்கி மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு தளவாய்க்கே தெரிந்தது. "சீட்டுக்குப் போங்க சார். இறங்கினதுக்கு அப்புறம் கேப்டன்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன். அவங்க சரின்னா பார்க்கலாம்" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, லைசென்ஸும் பையுமாகத் திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தார். அவமானத்தில் காது சுட்டது. சென்னை வரும்வரை மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆனால் அந்தப் பெண் சொன்ன வாக்கு தவறவில்லை. விமானம் நின்று, கூட்டம் இறங்கியபின் தளவாயையும் மாடத்தியையும் முன்னால் கூட்டிப்போனாள். கதவு திறந்திருந்தது. கேப்டன் ஸ்வர்ணாவுக்கு அபியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு, கண்ணில் தூக்கமில்லாத களைப்பு.

"ராத்திரி தூங்கினியாம்மா?" என்று கேட்டுவிட்டார் தளவாய். டிரைவரைக் கண்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி அது.

அவள் சிரித்துவிட்டாள். "தூங்கினேன் சார். சீக்கிரம் எழுந்துட்டேன், அவ்வளவுதான்." மங்குஸ்தானை வாங்கிக்கொண்டாள். மேலும் கீழும் இத்தனை பொத்தான்களா என்று தளவாய் வாய்பிளந்தார். பிறகு மனசில் கிடந்ததைக் கேட்டார்: "எதுக்கும்மா கதவப் பூட்டிப் போடுதிய? சும்மா ரெண்டு வார்த்த பேசத்தானே?"

"பாதுகாப்புக்குத்தான் சார். யார் எப்படின்னு தெரியாதில்ல? இன்னொண்ணு, பிளேன் மேல ஏறும்போதும் கீழ இறங்கும்போதும் பக்கத்துல இருக்கிற பைலட்டோடகூட ஊர்க்கதை பேசக் கூடாது. வேலைக்கு வேணுங்கிறதை மட்டும்தான் பேசுவோம்."

பாவம், இந்தப் பிள்ளைக்குப் பேச ஒரு நாதியில்லை என்று தளவாய் இரக்கப்பட்டார். மாடத்தி போட்டோ எடுத்தாள்: இரண்டு சீட்டுக்கும் நடுவே மீசை முறுக்கோடு தளவாய், பக்கத்தில் கேப்டன். அவர் அதைப் பார்த்தார். விமானம் பறக்கிறதா நிற்கிறதா என்று போட்டோவில் எழுதியா வைத்திருக்கிறது?

ஊருக்குத் திரும்பியதும் பெட்டியில் போட்டோ கைமாறியது. நல்லகண்ணு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "பறக்கும்போதா அண்ணாச்சி?"

"பின்ன? மதுரைக்கு மேல வச்சு."

மீசை தப்பியது. வீட்டில் மாடத்தி சோறு போடும்போது, "மதுரயா, திருச்சியா?" என்று கேட்டாள். தளவாய் ரசத்தைப் பிசைந்துகொண்டு தலையைத் தூக்கவில்லை.

கதை அதோடு நின்றிருக்கலாம். தளவாயின் வாயில் நிற்குமா? முதல் வாரம் கேப்டன் கைகொடுத்தாள். இரண்டாம் வாரம் சீட்டில் உட்காரச் சொன்னாள். மூன்றாம் வாரம், "அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம் பிடிங்க" என்று விமானத்தையே கொடுத்துவிட்டாள். பெட்டியில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். மத்தளம்பாறை தாண்டி ரோடு காலியாக இருந்தது. "பிளேன் திரும்புதப்போ இப்படியாக்கும் சாயும்" என்று தளவாய் இரண்டு கையையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, அகல விரித்து, ஆவுடையம்மாள் பக்கமாகச் சாய்ந்து காட்டினார். அவள்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ அண்ணாச்சி!"

புல்லுக்கட்டு வைத்த மொபெட் ஒன்று வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவருக்குப் பின்னால் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. தளவாய் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். பஸ் குலுங்கிக்கொண்டு போய், மொபெட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பூக்கூடை பறந்து கண்ணாடியில் மோதி, பிச்சிப்பூ அவர் மடியெல்லாம் கொட்டியது.

மொபெட்காரர் கத்தினார்: "கண்ண எங்கன வச்சிருக்கேரு வே? கை எங்கன இருக்கு ஒமக்கு?"

தளவாய் இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்தார். மதுரைக்கு மேலே வைத்திருந்தேன் என்றா சொல்ல முடியும்? அந்தக் குழந்தை அழாமல் அவரையே பார்த்தது. அவரைப் பார்த்ததா, மீசையைப் பார்த்ததா தெரியாது. அண்ணாந்தார். மஞ்சள் எழுத்து இருபத்திரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்தது. அந்தப் பிள்ளை ஸ்வர்ணா சொன்னது அப்போதுதான் புரிந்தது. நாதியில்லாதவள் என்று அவளைப் போய் நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தென்காசி சலூனில் போய் உட்கார்ந்தார். "எடுத்துரு" என்றார். கடைக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தார். வீட்டில் மாடத்தி பார்த்தாள், சிரித்தாள், சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து அந்த வெறும் உதட்டை முந்தானையால் துடைத்துவிட்டாள். "இப்பத்தான் மூஞ்சி தெரியுது" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில், பெட்டியின்மேல் இருபது லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். முறுக்குப் பொட்டலத்தோடு ஏறிய நல்லகண்ணு கேனைப் பார்த்தார். அப்புறம் டிரைவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி! மீச எங்க?"

"கதவு பூட்டியிருந்துச்சு, நல்லகண்ணு. பறக்கும்போது தொறக்கவே இல்ல. போயி உள்ள உக்காரும்."

நல்லகண்ணு ஜெயித்த ஆள்தான், ஆனாலும் பொட்டலத்தை கேன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். தளவாய் வண்டியை எடுத்தார். கடையம் வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலுதட்டில் காற்று படுவதுதான் வழியெல்லாம் கூச்சமாக இருந்தது.