பதினான்காம் கேள்விக்கு விடை

என் நாட்குறிப்பேடுகளில் ஒரே ஒரு பக்கத்தில்தான் ஒரு தாளைப் பின் அடித்து வைத்திருக்கிறேன். பின் துருப்பிடித்து, தாளின் மூலையில் பழுப்பு இறங்கியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பயிற்சித்தாள் அது. இருபது கேள்விகள். ஒரு மாணவி பள்ளி டேப்லெட்டில் தொட்டுச் சொன்ன விடைகளை அதுவே திருத்த, நான் அச்செடுத்தது. பதினான்காம் கேள்விக்கு எதிரே 'தவறு' என்பதற்கான குறி அச்சாகியிருக்கிறது. அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் ஒரு 'சரி' போட்டிருக்கிறது. கொஞ்சம் அழுத்திப் போட்டதால் தாளின் பின்பக்கத்தைத் தடவினால் இன்றும் விரலில் தெரிகிறது.

அந்தச் சரியைப் போட்டவர் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். வரதராஜன்பேட்டையிலிருந்து உள்ளடங்கிய பள்ளி எங்களுடையது. மூன்று பக்கமும் முந்திரி. நான்கு, ஐந்தாம் வகுப்புத் தமிழுக்கு இணையத்தில் கிடைக்கும் கதைக் காணொளி, சொல் விளையாட்டு, பயிற்சித்தாள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, தேதி போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது, அங்கேயே ஆசிரியராக இருந்த என் பொறுப்பு. அவற்றை என்னைவிட நன்றாகப் பயன்படுத்தியவர் அவர். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வார். எட்டு நிமிடக் காணொளிக்கு ஒரு பாடவேளை போய்விடும். நான் முணுமுணுத்தால், "முழுசாப் போட்டா புள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கும் சார். நிறுத்துனாத்தான் அந்த வாய் பேசும்" என்பார்.

பயிற்சித்தாளை வேறு மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் இணையத்தில் போட்டிருந்தார். அதை எடுத்து, எழுத்துப்பிழை நீக்கி, தானே மதிப்பெண் போடும்படி நான் மாற்றியமைத்தேன். அடியில் 'தயாரிப்பு' என்று என் பெயரைப் போட்டேன். ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் அனுப்பினேன். மூன்று நாள் பாராட்டு வந்தது. பதினான்காம் கேள்வி: 'கொல்லை' என்பதன் பொருள். விடைக்குறிப்பில் 'வீட்டின் பின்புறம்' என்று இருந்தது. அப்படியே வைத்தேன். எங்கள் வகுப்பில் இருபத்தேழு பேர். இருபத்து மூன்று பேர் 'விளைநிலம்' என்று தொட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தவறு விழுந்தது.

ஒரு சிறுமி எழுந்து, "சார், கொல்லையில எங்க அம்மா முந்திரிக்கொட்ட பொறுக்குது. வூட்டுப் பின்னால பாத்ரூம்தான் இருக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க அப்பா காலையில எங்க போறேன்னு சொல்லிட்டுப் போவாரு சார்?" என்று கேட்டார்.

என் அப்பா ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர். கொல்லைக்குப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அவருக்குச் சோறு கொண்டுபோனவன் நான். ஆனாலும், "விடைக்குறிப்புல அப்படி இல்லீங்களே டீச்சர்" என்றேன்.

"இருபத்து மூணு புள்ளைங்களும் தப்புன்னா இந்த ஊரே தப்புதான் சார். ஊரத் திருத்துறதவிட ஒங்க தாளத் திருத்துறது சுலபம்."

நான் திருத்தவில்லை. டேப் போட்ட மதிப்பெண்ணையே என் பதிவேட்டிலும் ஏற்றினேன். அவர் இருபத்து மூன்று தாள்களையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் சரி போட்டு, வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு மதிப்பெண் கூட்டினார்.

அடுத்த மாதம் பள்ளிப் பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். டேப்பில் இருந்த மதிப்பெண்ணையும் கைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதுல ஒண்ணு, கையில ஒண்ணுன்னா எதம்மா நான் நம்புறது? வகுப்பு முழுக்க மார்க்கு ஏத்தி வெச்சிருக்கீங்களே" என்றார். ஆசிரியை காரணம் சொன்னார். "விடைக்குறிப்பு இருக்குல்ல?" என்று அதிகாரி குறுக்கிட்டார். அப்போது ஆசிரியை என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள் என்பதுபோல ஒரு பார்வை. அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

"பதிவேட்டுல உள்ளது சரிங்க ஐயா" என்றேன்.

அது பொய்யில்லை. பதிவேட்டில் இருந்ததும் டேப்பில் இருந்ததும் ஒன்றுதான். கேள்வி அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். தாளின் அடியில் என் பெயர் இருந்ததும் தெரியும். அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: 'பார்வை நிறைவு. குறை ஒன்று.'

மதிப்பெண்ணை மாற்றியதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. அடுத்த பணிமாறுதல் கலந்தாய்வில் வாலிகண்டபுரம் பக்கம் ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டார். அவர் வீடு ஜெயங்கொண்டத்தில். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். பணியிலிருந்து விடுவித்த அன்று என் மேசையருகே வந்து, அந்தச் சிறுமியின் தாளை வைத்தார். "எல்லாத்தையும் எழுதி வெப்பீங்களே சார், இதையும் வெச்சுக்குங்க. போயிட்டு வரேன்" என்றார். குரலில் கோபம் இல்லாததுதான் இன்றுவரை எனக்குச் சிரமம்.

பிறகு என்னிடம் இருந்த தாளைத் திருத்திவிட்டேன். ஆனால் பழைய தாள் எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறதோ, ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது அதைக் குழுவில் போடுகிறார்கள். இந்த ஆண்டு வந்ததும் கீழே எழுதினேன்: 'பதினான்காம் கேள்வியில் விளைநிலம் என்பதும் சரி. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அதுவே சரி. விடைக்குறிப்பை மாற்றாமல் விட்டது என் தவறு. இதைத் திருத்திய ஆசிரியை செய்தது நியாயம்.' சிலர் கட்டைவிரல் படம் போட்டார்கள். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். பார்த்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இத்தனை வருடம் கழித்து, அதிகாரி இல்லாத இடத்தில் சொன்னதற்கு அவர் என்ன பதில் போடுவார்?

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஆலத்தியூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அதே பழைய தாளை மீண்டும் அனுப்பியிருந்தார். 'மிகவும் பயனுள்ளது, நன்றி சார்' என்று என் பெயரையும் சேர்த்திருந்தார்.

நாட்குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'குறை ஒன்று' என்பதற்குப் பக்கத்தில் யாருடையது என்று எழுத இடம் இருந்தது. என் பெயரை எழுதினேன். பின்னை மட்டும் மாற்றவில்லை. இழுத்தால் தாளோடு அந்தச் சிவப்புச் சரியும் கிழிந்துவிடும்போல இருந்தது.