கறையான் தின்றதாக நான் எழுதிய கடல்

காலை ஏழு மணிக்கு எங்கள் அகதி முகாம் வாசலுக்கு மீன்காரர் வருகிறார். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி. "அண்ணே, இப்பத்தான் கடல்ல இருந்து வந்துச்சு, துடிக்குது பாருங்க" என்பார். மதுரைக்கும் கடலுக்கும் இடையே பேருந்தில் நாலு மணி நேரம். துடிப்பது அவருடைய மொபெட் மட்டும்தான். மன்னாரில் பிறந்தவனுக்கு, மீன் தார்ச்சாலையில் வருவது இன்றைக்கும் பழகவில்லை. அவர் பெட்டியில் கிடக்கும் பாரை மீனும் நாங்களும் ஒரே கடலிலிருந்து ஒரே கரையில் ஏறி, ஒரே சாலை வழியாக இந்தச் சமவெளிக்கு வந்து சேர்ந்தவர்கள். மீனை மட்டும் யாரும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதில்லை. இதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "வெலயக் குறைக்கச் சொல்றீகளாண்ணே?" என்று கேட்டார்.

நான் மன்னார் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்குள்ளவர்கள் ஆட்சியர் அலுவலகம் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். இந்தப் பக்கம் வந்தபின் மதுரையில் ஒரு மிஷன் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் தற்காலிக உதவியாளன். ஓய்வுபெற்றேன் என்று எழுதுவது என் மரியாதைக்காக. இனி வர வேண்டாம் என்றார்கள் என்பதே விதிப்படி சரியான வாசகம். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பக் கூடாது என்பது வரை எனக்குத் தெரியும். முகாமில் பாதிப் பேருடைய மனுக்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. எல்லாம் பரிசீலனையில் இருக்கின்றன.

அந்த நூலகத்தில்தான் நான் அந்த ஓவியரைக் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர், கடலை வரைந்தவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், மன்னாரிலும் கனடாவிலும் பாரிசிலும் இதைப் படிக்கும் நீங்கள் கைப்பேசியில் தேடுவீர்கள். தேடியதால் என் வீட்டில் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்கப் பாதிரிமார் கப்பலில் கொண்டுவந்த பழைய வாரப் பத்திரிகைத் தொகுதிகள் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தன. இளமையில் அவர் அதுபோன்ற பத்திரிகைக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். மரக்கட்டையின் மேல் அவர் வரைவார். கூலிக்குச் செதுக்குகிறவர்கள் அதைக் கோடு கோடாகச் செதுக்குவார்கள். அச்சடித்து ஊரெல்லாம் விற்பார்கள். பின்னாளில் பாறைக் கரையொன்றில் தனியாகக் குடியிருந்து, கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருடைய நீர்வண்ண ஓவியங்களின் புத்தகம் ஒன்றும் நன்கொடைப் பெட்டியில் வந்தது. அதில் தென்திசைத் தீவுகளின் கடல், எங்கள் கடலின் நிறம். அலையின் நுரையை அவர் வரையவில்லை. சுற்றிலும் நீலத்தைத் தீட்டிவிட்டு, தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார். கரையேறியதும் மண்டபம் முகாமில் எங்களைப் பதிவு செய்து கொடுத்த அட்டையிலும் அப்படி விடப்பட்ட வெள்ளை ஒன்று உண்டு. மூன்றாவது வரி.

நாங்கள் மூன்று பேராகப் புறப்பட்டோம். நான், மனைவி திரேசா, நாலு வயது மகள் ஜெசிந்தா. விடியுமுன், மணல்திட்டுக்குச் சற்று முன்பே, படகோட்டி இறங்கச் சொல்லிவிட்டான். நெஞ்சளவு தண்ணீர். திரேசாவின் தோளில் பிள்ளை. என் இரண்டு கைகளும் கோப்புப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தன. பிறப்புச் சான்றிதழ்கள், நியமனக் கடிதம், காணி உறுதி என்கிற நிலப்பத்திரம். ஓர் அலை வந்தது. அது போனபின் திரேசாவின் தோளில் யாரும் இல்லை. தாள்கள் நனையவில்லை. இந்த முப்பத்தைந்து வருடத்தில் என் கைகளைப் பற்றித் திரேசா ஒரு சொல் சொன்னதில்லை.

பதிவு செய்தவர், "வந்து சேந்தவங்க எத்தன பேரு?" என்று கேட்டார். சரியான கேள்வி. வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். பிறகு இறப்புச் சான்றிதழ் கேட்டு இரண்டு நாட்டுக்கும் எழுதினேன். வந்து சேராத ஒருவர் இங்கே இறந்ததாகப் பதிய இயலாது என்றது இந்தப் பக்கம். நாட்டைவிட்டுப் போனதாகப் பதிவில்லாத ஒருவர் வழியில் இறந்ததாகப் பதிய இயலாது என்றது அந்தப் பக்கம். இரண்டும் நடைமுறைப்படி பிழையற்ற பதில்கள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். அவளுடைய ஒரே புகைப்படம் நாங்கள் விட்டுவந்த வீட்டோடு எரிந்துபோனது.

நூலகத்தில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு தொகுதியைத் தூசி தட்டும்போது அந்தப் பக்கம் திறந்தது. ஓவியரின் மரச்செதுக்கு அச்சு. புயலில் போன படகுகளுக்காகப் பெண்கள் கரையில் காத்திருக்கிறார்கள். எல்லோரும் நமக்கு முதுகு காட்டி நிற்க, ஒருத்தியின் பாவாடையைப் பிடித்திருக்கும் சிறுமி மட்டும் திரும்பி நம்மைப் பார்க்கிறாள். முகம் விரல்நகம் அளவு. ஜெசிந்தா. நான் நிதானமானவன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஜெசிந்தாதான். சவர பிளேடால் பக்கத்தை அறுத்து, மடிக்காமல், முதுகோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த வருட இருப்புச் சரிபார்ப்பில் 'ஒரு பக்கம் கறையான் அரித்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பொய் ஆவணம் அது.

திரேசா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். "இந்தக் காத்துக்குள்ளை இந்த மெல்லிய சட்டையோட நிக்கிறாள்" என்றாள். அவ்வளவுதான். படம் சுவரில் ஏறியது. களவுப்பொருள் என்பதால் சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோகவில்லை. கண்ணாடி இல்லாமலே இருந்தது. பிள்ளையின் பிறந்தநாளுக்குப் புதுச்சட்டை ஒன்று வாங்கி அதன் கீழே வைப்பாள், எல்லா வருடமும் நாலு வயது அளவில். மறுநாள் முகாமில் அந்த அளவுள்ள பிள்ளைக்கு அது போய்விடும். அடுப்புப் புகை, மெழுகுதிரிப் புகை, மழைக்கால ஈரம் எல்லாம் ஏறி அந்த முகம் கருத்துக்கொண்டே வந்தது. கருக்கக் கருக்க இன்னும் எங்கள் பிள்ளையானது.

சென்ற புரட்டாசியில் நூலகத்திலிருந்து ஹேமா தொலைபேசியில் அழைத்தாள். புதிதாக வந்திருக்கும் நூலகர். அவளுடைய முன்னோர் குஜராத்திலிருந்து வந்தவர்கள். நூற்றாண்டுகள் கழிந்தும் வீட்டில் தனி மொழி பேசுகிறார்கள். முகாமில் எங்களை வரச்சொல்வது போல அவர்களை யாரும் கையெழுத்துப் போட வரச்சொல்வதில்லை. ஆகவே நாங்கள் இன்னும் சில நூறு வருடம் பொறுத்தால் போதும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன். பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்கிறார்களாம். "சார், ஒரு சந்தேகம். இந்தக் கறையான் ஒரே ஒரு பக்கத்த மட்டும் தின்னுருக்கு. அதுவும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா தின்னுருக்கே சார்?" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். அன்றே மூன்று பிரதிகளில் வாக்குமூலம் எழுதினேன்: சொந்தக் காரணங்களுக்காக அறுத்தேன், திருப்பித் தருகிறேன், நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். இதைத் திரேசாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் எந்த விதியிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஹேமா ஸ்கூட்டியில் திருநகரைத் தாண்டி முகாமுக்கே வந்துவிட்டாள். வாக்குமூலத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா சார் மூணு காப்பி? நீங்க அறுத்த பக்கம் வெளிநாட்டு லைப்ரரிங்கள்ல எம்புட்டோ இடத்துல இருக்கு சார். அத வச்சே நாங்க ஸ்கேன்ல சேத்துட்டோம். நீங்களே வச்சுக்கங்க. கறையான் கறையானாவே இருக்கட்டும்."

என் ஒரே குற்றத்துக்கும் கட்டம் இல்லாமல் போயிற்று. நான் பெருமூச்சு விடுவதற்குள் அவள் சுவரைப் பார்த்துவிட்டாள். படத்தின் கீழே பூவும் மெழுகும்.

"இது யாருக்கும்மா பூ?"

"எங்கட மகளுக்கு" என்றாள் திரேசா. "அந்தா நிக்கிறாள்."

ஹேமாவின் கண் கலங்கியது. நல்ல பெண். நல்லவர்கள் உடனே ஏதாவது செய்துவிடுவார்கள். "பாவம், இம்புட்டுக் கருத்துப்போச்சேம்மா. இருங்க, எங்கிட்ட நல்ல காப்பி இருக்கு" என்று கைப்பேசியை எடுத்தாள். "மொகத்த மட்டும் பெருசாக்கிக் காட்டுறேன். பெரிய பிரிண்டா போட்டுத் தாரேன்."

நான் தடுத்திருக்கலாம். அச்சுப்படம் எதனால் ஆனது என்று அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவன்தான். ஹேமா இரண்டு விரலால் விரித்தாள். கரை நகர்ந்து மறைந்தது, பெண்கள் மறைந்தார்கள், சிறுமியின் தலை திரையை நிறைத்தது. அங்கே முகம் இல்லை. புகையோ ஈரமோ படாத வெள்ளைத் தாளில் இரண்டு புள்ளி, ஒரு வளைவு, கன்னத்துக்குச் சில சாய்கோடுகள். அவற்றைக்கூட அந்த ஓவியர் செதுக்கவில்லை. எவனோ ஒரு கூலிக்காரன் அவசரத்தில் செதுக்கியவை.

திரேசா கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கினாள். சுட்டுவிரலால் திரையைத் தொடாமல், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணினாள்.

"பத்துக் கீறு" என்றாள். "பத்துக் கீறுதான் பிள்ளை."

ஹேமா பயந்துபோனாள். "கொஞ்சம் சின்னதாக்கவாம்மா? தள்ளி வச்சுப் பாத்தா தெரியும்."

"வேண்டாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவள் போனபின் திரேசா பாத்திரம் கழுவியபடி, "இஞ்சருங்கோ, அவளின்ர மூக்கு எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். சுவரில் இருந்த சிறுமியின் மூக்குதான் வந்தது. அதற்குப் பின்னால் வேறொன்றும் இல்லை. "உன்னுடையதைப் போல" என்றேன். "எனக்கும் அந்தப் படம்தான் வருகுது" என்றாள். அன்றிலிருந்து படத்துக்குப் பூ இல்லை. அதைக் கழற்றவும் இல்லை.

கல்லறைத் திருநாளன்று வழக்கமாக வீட்டில்தான் திரி கொளுத்துவோம். மதுரையில் எங்களுக்குக் கல்லறை இல்லை. மன்னாரில் இருப்பவற்றுக்குத் திரி கொளுத்த ஆள் இல்லை. இந்த வருடம் பிற்பகலில் திரேசா சேலை மாற்றிக்கொண்டு, "சேமக்காலைக்குப் போவம்" என்றாள். இங்கே அதைக் கல்லறைத் தோட்டம் என்கிறார்கள். போனோம். வெள்ளையடித்த கல்லறைகள், செவ்வந்தி, குடும்பம் குடும்பமாக மனிதர்கள். திரேசா கையில் ஒற்றை மெழுகுதிரியுடன் வரிசை வரிசையாக நடந்தாள். பின்னால் நான். ஒரு கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்த, பள்ளிக்கூட டீச்சர் போலிருந்த ஒரு பெண்மணி எங்களைக் கவனித்துவிட்டு உதவிக்கு வந்தார்.

"எடம் மறந்துபோச்சாண்ணே? உங்க கல்லறை எந்தப் பக்கம்?"

"இங்கே இல்லையம்மா."

"அப்ப ஊர்லயா?"

"ஊரிலும் இல்லை."

கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி கல்லைத் துடைக்கத் தொடங்கினார்.

திரேசா அதற்குள் இரண்டு குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே உள்ள மண்பாதையில் குந்திவிட்டாள். திரியைப் பற்றவைத்து, மெழுகை வெறும் தரையில் சொட்டவிட்டு, அதில் நிறுத்தினாள். வருகிறவர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினார்கள். பூக்கூடை சுமந்து வந்த ஒருவன் நின்றான்.

"யம்மா, நடக்குற பாதைம்மா. ஓரமா வைங்க."

"எந்த ஓரம், தம்பி?" என்று கேட்டாள் திரேசா.

அவன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். இரண்டு பக்கமும் பெயர் வெட்டிய கற்கள். திரியைத் தாண்டிப் போனான். அதற்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் திரேசாவுமாக, பாதையை மறித்துக்கொண்டு, அது எரிந்து தீரும்வரை நின்றோம்.