படூர் வரை ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், நான்கு மலிவு டயர்கள்

இந்தப் பதிவை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் போன பதிவில் காரின் படத்தைப் போட்டதிலிருந்து ஒரே கேள்வியாக வந்துகொண்டிருக்கிறது: ‘பெர்ஃபாமன்ஸ் டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே, போடலாமா சார்?’ தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன், படித்துவிட்டு உங்கள் இஷ்டம்.

பயணம் நடந்தது 2007 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. அணுபுரத்திலிருந்து கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம், கேளம்பாக்கம் வழியாகப் படூர். என் மீட்டரில் போக 52 கிலோமீட்டர். படூரில் என் சகலை புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு எனக்கு ஷிஃப்ட், போக முடியவில்லை. அதனால் ஒரு மாதம் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். காரில் நான், என் மனைவி செல்வி, ஆறு வயது மகள் அம்மு.

காரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பத்து வருடப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, பின்சக்கரங்கள் தள்ளும் வண்டி. பின்னால் சீட் என்ற பெயரில் ஒரு பலகை உண்டு, அதில் குழந்தை மட்டும் உட்காரலாம். என் தகுதிக்கு மீறியதுதான், தெரியும். வாங்கும்போது செல்வி தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

“இன்னா வேணா பண்ணிக்கோங்க. பிரேக்கு, டயரு ரெண்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பின்னால அம்மு உக்காரப் போறா.”

சரி என்று தலையாட்டினேன். பழைய டயர்கள் தேய்ந்ததும் விசாரித்தேன். பெயர் பெற்ற கம்பெனி டயர் ஒன்று 5,900 ரூபாய், நான்கும் 23,600. செங்கல்பட்டில் ஒரு கடையில், யாரும் கேள்விப்படாத பெயரில், பெர்ஃபாமன்ஸ் என்று பக்கவாட்டில் பெரிதாக எழுதிய டயர் 2,800. தரையில் படும் ரப்பர் பட்டன்கள் எல்லாம் அம்பு அம்பாக, பார்க்கவே மிரட்டலாக இருந்தது.

“அண்ணாத்த, வெலயப் பாக்காத, பேட்டனப் பாரு. ரோட்ட அப்டியே புட்சுக்கும்” என்றார் கடைக்காரர்.

எங்கள் அணுமின் நிலையத்தில் ஒரு போல்ட்டை மாற்ற மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன், பேட்டனைப் பார்த்து டயர் வாங்கினேன். மிச்சமான 12,400 ரூபாயை என்ன செய்தேன் என்பது அதைவிடக் கேவலம். மேலே கொஞ்சம் போட்டுப் பளபளவென்று நான்கு அலாய் வீல் வாங்கினேன். கடைக்காரர் ஒவ்வொரு டயரிலும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள். வாய் கூசாமல் சொன்னேன்: கம்பெனி டயர், 23,600, நாலு டயர் எடுத்தால் அலாய் வீல் ஃப்ரீ. அவள் நம்பிவிட்டாள். நம்பியதோடு விடாமல் சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் அவள் அம்மாவுக்கும் படூரில் இருக்கும் அக்காவுக்கும் போன் போட்டு ஃப்ரீ வீலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். குங்குமத்தை வெள்ளிக்கிழமை வரை துடைக்கக் கூடாது என்றாள். வெள்ளி வந்து போனது, நானும் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை 8.10க்குக் கிளம்பினோம். டவுன்ஷிப்பைத் தாண்டும் முன்பே ஸ்டீயரிங் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய டயரில், தேய்ந்திருந்தாலும், கையில் ஒரு கனம் இருக்கும். சாலையில் என்ன கிடக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். இப்போது ஒன்றுமே தெரியவில்லை. திருப்பினால், அரை நொடி யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்புகிறது. டயரின் பக்கச் சுவர் முதலில் வளைகிறது, பிறகு மற்றதெல்லாம் வருகிறது. தாசில்தார் ஆபீசில் மனு கொடுத்த மாதிரி.

ஈ.சி.ஆரில் ஏறியதும் அடுத்த தொல்லை. அறுபதைத் தாண்டினால் மாவு மில் சத்தம், எண்பதில் பேச முடியவில்லை. மாமல்லபுரத்தில் 8.45க்கு டிபன்: மூன்று பேருக்கு 74 ரூபாய், பொங்கல் பரவாயில்லை. வெளியே நிறுத்தியிருந்த காரைச் சுற்றி நான்கு காலேஜ் பையன்கள் நின்று வீலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்விக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் பொங்கல் இறங்கவில்லை.

கோவளம் அருகே சாலை இடப்பக்கம் வளையும் இடத்தில் ஐம்பதில்தான் போனேன். டயர்கள் கீச்சென்று கத்தின. ஐம்பதில்! சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். இதே வளைவில் பழைய டயர் எழுபதிலும் வாயைத் திறந்ததில்லை. “ஏங்க இவ்ளோ சத்தம்?” என்று செல்வி கேட்டாள். புது டயர் அப்படித்தான், பழகணும் என்றேன். இரண்டாவது பொய்.

9.50க்குப் படூர். சகலை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர், எதையும் விடாமல் விசாரிப்பவர். சாம்பாரை ஊற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். “அந்த அலாய் வீல் ஆஃபர் இன்னும் இருக்கா? கடை போன் நம்பர் குடுங்க.” ஆஃபர் முடிந்துவிட்டது என்றேன். கடை பெயராவது சொல்லுங்கள் என்றார். ஞாபகம் இல்லை என்றேன். “பத்து நாள் முன்னாடி வாங்கின கடைங்க” என்று அவர் சிரித்தார். நான் மோர் கேட்டேன்.

திரும்பும்போது மணி 3.40. கேளம்பாக்கத்திலேயே தூறல் பிடித்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து விழும் முதல் தூறல்தான் சாலையை வழவழப்பாக்கும், அது தெரிந்ததால் எழுபதைத் தாண்டவில்லை. பட்டிபுலம் தாண்டியதும் முன்னால் போன வேன் சட்டென்று பிரேக் அடித்தது. நானும் அடித்தேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வண்டி வேகம் குறையாமல் வேனை நோக்கியே வழுக்கியது. பிரேக்கை விட்டு இடப்பக்கம் ஒடித்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுற்ற, தெற்கே போய்க்கொண்டிருந்த கார் சவுக்குத் தோப்பு ஓரத்து மணலில் இறங்கி, வடக்கே பார்த்து நின்றது. நல்ல டயர் பிடி விடும் முன் முனகும், இழுக்கும், கையில் லேசாகி எச்சரிக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் விட்டது.

யாருக்கும் அடியில்லை. செல்வி எந்த நேரத்தில் திரும்பினாள் என்று தெரியவில்லை, அவளுடைய ஒரு கை பின்சீட்டில் அம்முவின் கவுனைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அம்முதான் முதலில் பேசினாள்: “அப்பா, இன்னொரு தபா சுத்துப்பா.”

இறங்கி டயரை உதைத்தேன், கடைக்காரரைத் திட்டினேன், வேன்காரரைத் திட்டினேன். எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். சவுக்குக் கிளைகளை டயருக்கு அடியில் போட்டுத் தள்ளிக் காரை மேலே ஏற்றிவிட்டார்கள். ஏற்றியதும் அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

“புச்சா சார்?”

“பத்து நாள்தாங்க ஆச்சு.”

ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தார். அடியில் நான்கு எண்கள் தெரிந்தன: 3402.

“ரெண்டாயிரத்து ரெண்டு, முப்பத்திநாலாவது வாரம். அஞ்சு வருசம் எங்கியோ குடோன்ல காஞ்சிகினு கெடந்துகீது சார். இத பாரு” என்று கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். கோடுகூட விழவில்லை. “நகம் எறங்கல. ரப்பரா இது? செங்கல்பட்டுலதான வாங்குன? ரெண்டாயிரத்து எட்நூறு. எல்லாரும் அத்தயே போட்டுகினு வந்து இங்க பேஜாருதான்.”

எனக்குப் பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணு எவ்ளோங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

“ரெண்டாயிரத்து எட்நூறு மேடம்.”

“அலாய் வீலு ஃப்ரீயாமே?”

அவர் விகல்பமில்லாமல் சிரித்தார். “ஃப்ரீயா? டயர விட வீலுதான் மேடம் வெல ஜாஸ்தி.”

அவள் என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அம்முவைத் தூக்கிக்கொண்டாள், பையை எடுத்துக்கொண்டாள். “நாங்க பஸ்ல போறோம். நீங்க மெதுவா வாங்க” என்றாள். அவ்வளவுதான். 4.35க்குக் கல்பாக்கம் பஸ் வந்தது. அவளுக்கு எட்டு ரூபாய், அம்முவுக்கு நான்கு.

அந்த 23 கிலோமீட்டரும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். முந்த மனம் வரவில்லை, விட்டுப் போகவும் மனம் வரவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, நானும் நின்றேன். பஸ்ஸில் இருந்த கூட்டம் மொத்தமும், மழையில் மின்னும் வீலோடு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஏன் நாற்பதில் வால் பிடித்து வருகிறது என்று வேடிக்கை பார்த்தது. கடைசி சீட் ஜன்னலில் முட்டிபோட்டு அம்மு கையாட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் செல்வியின் பின்னந்தலை தெரிந்தது. அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அடுத்த வாரமே சென்னை போய், வீட்டில் பொய்யாகச் சொன்ன அதே கம்பெனி டயரை அதே 23,600க்கு வாங்கிப் போட்டேன். வித்தியாசம் முதல் திருப்பத்திலேயே தெரிந்தது. ஸ்டீயரிங்கில் கனம் திரும்பிவிட்டது, கை அசைந்தால் வண்டியின் மூக்கு அசைகிறது, மழையில் பிரேக் பிடித்தால் நிற்கிறது. பட்டிபுலம் பக்கம் மூன்று தடவை தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தேன். இதுதான் இந்தக் காரை வாங்கக் காரணமான சுகம்.

இனி கேட்டவர்களுக்குப் பதில். மலிவு டயர் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். சின்னக் காரில் நாற்பது ஐம்பதில் ஆபீஸ் போய் வருபவருக்குப் போதும். வேகமான வண்டிக்கு வேண்டாம், அதுவும் பின்சக்கரம் தள்ளும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். எந்த டயர் வாங்கினாலும் பக்கவாட்டில் நான்கு எண்களைப் பாருங்கள், முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருடம். இரண்டு வருடத்துக்கு மேல் பழசு என்றால் திருப்பிக் கொடுங்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணைப் பார்த்த பிறகு பூஜை போடச் சொல்லுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வீலுக்கு ஆசைப்படும் முன் டயருக்குக் காசு வையுங்கள். ஈ.சி.ஆரில் முதல் மழையில் ஐம்பதுக்கு மேல் போகாதீர்கள்.

டயர் மாற்றி இரண்டு மாதமாகிறது. செல்வி இன்னும் காரில் ஏறவில்லை. வீட்டில் வழக்கம்போலப் பேசுகிறாள், சிரிக்கிறாள், எனக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள். போன ஞாயிறு அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது பில்லைக் கையில் கொடுத்தேன், டயரின் எண்ணைக் காட்டினேன், இன்னும் என்ன கோபம் இந்த வண்டி மேல் என்று கேட்டேன். பில்லை மடித்து என்னிடமே தந்துவிட்டு, அம்முவின் செருப்பை மாட்டிவிட்டபடி சொன்னாள்:

“வண்டி மேல எனக்கு இன்னாங்க கோவம்? வண்டியா பொய் சொல்லுச்சு?”