உலகம்மாள் கல்யாணக் காரில் கேட்ட சங்கு

தென்காசி ஸ்டாண்டில் ஆவுடையப்பனின் அம்பாசடரில் மட்டும் பாட்டு கிடையாது. குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் கேட்டால், "ஐந்தருவியில போயி அருவிச் சத்தத்தக் கேளுங்க சார்" என்று மழுப்பிவிடுவார். பாட்டே பிடிக்காத மனுஷன் என்று ஸ்டாண்டில் பேச்சு. பிடிக்காமல் என்ன? முதன்முதலில் அந்த ஸ்டாண்டில் வாக்மேன் பாடிய வண்டியே அவருடையதுதான்.

எண்பத்தைந்தில் மச்சினன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. காதில் மாட்டிக் கேட்கிற சின்னப் பெட்டி. அது கார் முழுக்கப் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தங்கை சந்தனமாரியின் மகள் உலகம்மாளுக்கு இலஞ்சி முருகன் கோவிலில் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை ஏறப்போவது தாய்மாமன் காரில். வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற பையன் கடற்கரை, டாஷ்போர்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, வாக்மேனை அதில் கோத்துக் கொடுத்தான். நாகஸ்வரம் கணீரென்று வந்தது.

"அண்ணாச்சி, வாக்மேனுக்குள்ள செல்லு போட்டே பாடவிடுங்க. வண்டி பேட்டரியில கோத்துராதிய. டைனமோ இரைச்சல் பாட்டுக்குள்ள வந்துரும்."

"சரிலே, சரிலே" என்றார். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பாதி வழியில் செல் தீர்ந்து நாகஸ்வரம் இழுத்து இழுத்து அழுதால்? தாலி கட்டிய கையோடு அப்படி ஒரு சகுனமா? பேட்டரியிலிருந்து வயர் எடுத்து, மின்சாரத்தைக் குறைக்கும் சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, வாக்மேனில் செருகிவிட்டார். இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் தாலி கட்டு முடிந்து பொண்ணு மாப்பிள்ளை ஏறினார்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் நாகஸ்வரத்துக்குப் பின்னாலிருந்து 'ஊ...' என்று ஒன்று கிளம்பியது. மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது.

பின்சீட்டில் மாப்பிள்ளையின் அத்தை காதைப் பொத்தினாள். "என்னய்யா இது, சாவு வீட்டுல சங்கு ஊதுதாப்ல கேக்கு? நிறுத்துங்க முதல்ல! நாளைக்கு எங்க ஊரு சிவகிரிக்கு வேற வண்டி பாத்துக்கிடுதோம்."

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடையப்பனுக்கு முகம் செத்துப்போனது. தாய்மாமன் கார் இருக்க, பொண்ணு வேறு வண்டியிலா புகுந்த வீடு போவாள்?

பொண்ணு வீடு வந்ததும் நேரே பந்திக்குப் போனார். இலை முன்னால் உட்கார்ந்திருந்தான் கடற்கரை.

"ஏலே, என்னத்தலே வயரு மாட்டுன? சபையில என் மானத்த வாங்கிட்டியே!"

கடற்கரை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணாச்சி, பேட்டரியில கோத்தியளா?"

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஏம்லே கோக்கப் போறேன்? செய்யத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு!"

அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து, கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் ஆவுடையப்பன் தனியே காரில் உட்கார்ந்து அந்த வயரைப் பிடுங்கினார். இரண்டு செல் போட்டு, இன்ஜினை உறுமவிட்டார். நாகஸ்வரம் மட்டும் கேட்டது. அத்தையை அழைத்துவந்து கேட்க வைத்தார்.

"இப்பம் நல்லாத்தான இருக்கு! அப்பம் அந்தப் பய வயருலதான் கோளாறு, என்ன?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். "ஆமா... சரிபண்ணிட்டேன்" என்றுதான் வந்தது.

காலையில் அவர் வண்டியிலேயே பொண்ணு மாப்பிள்ளை சிவகிரிக்குப் புறப்பட்டார்கள். கடற்கரையின் கடை வழியில்தான் இருந்தது. ரோட்டில் மாடு குறுக்கே வர, கடை வாசலிலேயே நிறுத்தும்படி ஆனது. அவன் கைத்துணியோடு எட்டிப் பார்த்தான்.

"சத்தம் போச்சா அண்ணாச்சி?"

கூட வந்த சந்தனமாரிதான் ஜன்னல் வழியே சொன்னாள். "போச்சுலே. எங்க அண்ணன் ஒன் வயர மாத்துன பொறவுதான் போச்சு!" உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

ஆவுடையப்பன் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர்ந்ததும் வண்டியை எடுத்தார். நாகஸ்வரம் ஒரு பிசிறு இல்லாமல் பாடியது. கடையநல்லூர் வருவதற்குள் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

"ஏன் மாமா நிறுத்திட்டிய?" என்றாள் உலகம்மாள்.

"செல்லு தீந்துட்டும்மா."

காலையில்தான் புதுச் செல் போட்டிருந்தார்.